முட்டை மேஜைக்காரர் டியோ லுபோவா

மசாக்காவில் மேட்டு ஹோட்டல் என்று சொன்னால் போதும், எந்த மோட்டார் சைக்கிள்காரனும் வழி கேட்காமல் கொண்டுபோய் விட்டுவிடுவான். அங்கே காலைச் சாப்பாட்டுக் கூடத்தில், ஜன்னலோரமாக ஒரு நீள மேஜை. மேஜை மேல் ரெண்டு கேஸ் அடுப்பு, ரெண்டு வாணலி, ஒரு கூடை முட்டை, கிண்ணம் கிண்ணமாக நறுக்கி வைத்த வெங்காயம், தக்காளி, குடைமிளகாய். அதற்குப் பின்னால் ஒரு வெள்ளைத் தொப்பி. தொப்பிக்குக் கீழே டியோ லுபோவா.

பத்தொன்பது வருஷமாக அவர் அந்த இடத்தை விட்டு நகர்ந்ததில்லை. அதற்கு முன்னால் அதே ஹோட்டலில் புல் வெட்டிக்கொண்டிருந்தார். மூணாங்கிளாஸோடு நின்ற படிப்பு, அதற்கு மேல் யார் என்ன வேலை கொடுப்பார்கள்? ஒருநாள் முட்டை போடுகிறவன் சாவு வீட்டுக்குப் போய்விட்டான். கன்னியாஸ்திரீகள் ஒரு பஸ் நிறைய வந்து தட்டோடு நிற்கிறார்கள். பெரிய சமையல்காரர் தோட்டத்தைப் பார்த்துக் கத்தினார்: "யாருக்காவது முட்டை உடைக்கத் தெரியுமா?" டியோ புல்வெட்டியைக் கீழே போட்டுவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு வந்தார். நாற்பத்திரண்டு முட்டை. ஒரு மஞ்சள் கருகூட உடையவில்லை. அவ்வளவு நிதானமான கை. மறுநாளிலிருந்து தொப்பி அவருக்கு.

அந்தக் கையில் அவருக்குப் பெருமை உண்டு. வெளியில் சொல்லமாட்டார்.

இன்னொரு பழக்கமும் உண்டு. எதிரில் தட்டோடு வந்து நிற்கிறவரிடம் நலம் விசாரிக்காமல் அவர் முட்டையை உடைக்கமாட்டார். "ராத்திரி எப்படிக் கழிஞ்சுது?" என்பார். "நல்லபடியா. உங்களுக்கு?" "நல்லபடியா. வீட்ல எல்லாரும்?" "இருக்காங்க." "ம்ம்." "ம்ம்." அந்த ரெண்டு ம்ம்-மும் முடிந்த பிறகுதான் ஓடு உடையும். அந்தச் சீமையின் பகாண்டா ஜனங்களுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. வேற்று ஊர்க்காரர்கள்தான் வந்ததும் "ரெண்டு முட்டை, நல்லா வேகட்டும்" என்று தட்டை நீட்டுவார்கள். டியோ முட்டையைக் கையில் வைத்துக்கொண்டு சிரித்த முகமாக அவர்களைப் பார்ப்பார். அவர்களும் பார்ப்பார்கள். கொஞ்ச நேரம் கழித்து, "ஓ... ராத்திரி நல்லா தூங்குனீங்களா?" என்று தாங்களே கேட்டுவிடுவார்கள். அப்புறம் ஒவ்வொரு நாளும் கேட்பார்கள். ஊருக்குப் போகும்போது சமையல்காரரோடு நின்று படம் எடுத்துக்கொண்டு போவார்கள்.

பத்தொன்பது வருஷம் முட்டை மேஜைக்குப் பின்னால் நின்றால் ஜனங்களின் எல்லா லட்சணமும் தெரிந்துவிடும். தட்டில் மலை மாதிரி குவித்துக்கொண்டு, ரெண்டு வாய் தின்றுவிட்டுப் போகிறவர்கள். குளியல் துண்டோடு வந்து நிற்கிறவர்கள். வரிசையில் நடுவில் நுழைந்துவிட்டு, ஜன்னலுக்கு வெளியே பறவை பார்க்கிறவர்கள். பயிற்சிக் கூட்டத்துக்கு வருகிறவர்கள் கழுத்தில் அட்டையோடு வந்து, யாரும் பார்க்காதபோது வெந்த முட்டையைக் காகிதத் துண்டில் சுற்றிக் கைப்பையில் போட்டுக்கொள்வார்கள். பரிமாறுகிற கொரெட்டி அதைப் பார்த்துவிட்டு முகத்தைச் சுளிப்பாள். டியோவை அவள் அவர் மகன் பெயரைச் சேர்த்து 'வியானி அப்பா' என்றுதான் கூப்பிடுவாள்.

"பாருங்க வியானி அப்பா, அந்தம்மா நாலாவது முட்டையை உள்ள தள்றாங்க. அது கைப்பையா, கோழிக்கூடா?"

"வீட்ல புள்ளைங்க இருக்கும்டி."

"அதுக்கு நம்ம முட்டைதான் கெடச்சுதா?"

"அவங்க கண்ணைப் பாக்காத. அந்தப் பக்கம் போய் டீயைக் கலக்கு."

மறுநாள் பார்த்தால் வெந்த முட்டைச் சட்டியில் பத்து கூடுதலாக இருக்கும். யார் போட்டது என்று யாரும் கேட்பதில்லை.

இப்படி ஓடிக்கொண்டிருந்த வாழ்க்கையில் ஒரே வருஷத்தில் ரெண்டு புது ஆள் வந்து சேர்ந்தார்கள். ஒருவர் மேனேஜர் ஓயூகி. இன்னொருத்தி டியோவின் பேத்தி.

பேத்தி பிறந்தது கம்பாலாவில், மே மாசம், கோழி கூவும் நேரத்தில். ஒரே மகன் வியானியின் முதல் குழந்தை. டியோவின் மனைவி பெலிஸ்தா உடனே பஸ் ஏறிப் போய், ரெண்டு வாரம் இருந்து, குளிப்பாட்டி, தூக்கிச் சுமந்துவிட்டுத் திரும்பி வந்தாள். வந்த நாளிலிருந்து வீட்டில் வேறு பேச்சே இல்லை.

"காது அப்படியே உங்க காது. பாவம், பொம்பளப் புள்ளைக்குப் போய்."

"என் காதுக்கு என்ன கொறச்சல்?"

"கொறச்சல் இல்ல. ரொம்பக் கூடுதல்."

"நான் எப்ப பாக்குறது?"

"நீங்க முட்டையப் பாத்துக்கிட்டு இருங்க. டிசம்பர்ல எல்லாரும் வருவாங்கல்ல."

டிசம்பரில் காப்பி அறுவடை முடிந்ததும் குலத்துப் பெரியவர்கள் கூடுவார்கள். அப்போதுதான் குழந்தைக்குக் குலத்துப் பெயர் வைப்பது. வைக்க வேண்டியவர் அப்பாவைப் பெற்ற தாத்தா. டியோ பெயரை எப்போதோ முடிவு செய்துவிட்டார். நபுகீரா. விடியலில் வந்தவள். அவருடைய அத்தையின் பெயர். இதை அவர் பெலிஸ்தாவிடம்கூடச் சொல்லவில்லை. சபையில் சொல்வதற்கு முன்னால் வாயை விட்டால் பெயருக்கு மதிப்பில்லை.

ஆனால் டிசம்பருக்கு இன்னும் ஐந்து மாசம் இருந்தது. அதுவரை அவருக்குக் கிடைத்தது வியானி செல்போனில் அனுப்பிய ஒரே ஒரு படம். கம்பளிக்குள்ளிருந்து மூக்கும் ஒரு காதும் மட்டும் தெரியும். ஓயூகி வந்து சேர்வதற்குள் அந்தக் காதை அவர் முட்டை வரிசையில் நின்ற அத்தனை பேருக்கும் காட்டிவிட்டார். மாகாண அதிகாரிக்குக் காட்டினார். சோளம் வாங்க வந்த வியாபாரிக்குக் காட்டினார். "ஜஜ்ஜா ஆயிட்டேன்" என்பார். தாத்தா ஆகிவிட்டேன் என்று சொல்லும்போது வாணலியில் ஒரு சுண்டு சுண்டுவார், ஆம்லெட் மேலே பறந்து புரண்டு விழும்.

ரெண்டு நாள் லீவு கேட்டுப் பார்த்தார். ஓயூகி கணக்கப்பிள்ளை மாதிரி காலண்டரைப் புரட்டினார்.

"ஜூலை முழுக்கக் கூட்டம் இருக்கு லுபோவா. முட்டை மேஜைக்கு வேற ஆள் இல்ல. டிசம்பர்ல போங்க."

ஓயூகி கெட்டவர் இல்லை. கிசுமுக்காரர், ஏரிக்கு அந்தப் பக்கம். பெரிய ஹோட்டல்களில் வேலை பார்த்துவிட்டு வந்தவர். வந்த மறு வாரமே சமையலறைச் சுவரில் ஒரு தாளை ஒட்டினார். அடுப்புக்கு எதிரே விருந்தாளி நிற்கும்போது சமையல்காரர் இடத்தை விட்டு நகரக் கூடாது. விருந்தாளியின் முகத்தைப் பார்த்துச் சிரிக்க வேண்டும். தட்டை மேஜையில் வைக்கக் கூடாது, ரெண்டு கையாலும் அவர் கையில் கொடுக்க வேண்டும். செல்போன் எல்லாம் அலமாரியில் வைத்துப் பூட்ட வேண்டும். கடைசியாக ஒன்று: வரிசை நீளமாக இருக்கும்போது வளவளவென்று விசாரிப்பு வேண்டாம். காலை வணக்கம் என்று சொன்னால் போதும்.

டியோவால் அந்தத் தாளை முழுக்கப் படிக்க முடியவில்லை. கொரெட்டிதான் படித்துக் காட்டினாள். கடைசி வரியைப் படித்துவிட்டு அவர் முகத்தைப் பார்த்தாள்.

"சரி. வணக்கம்னு சொன்னா போச்சு" என்றார் டியோ.

அன்றைக்கு மூணு மஞ்சள் கரு உடைந்தது.

ஜூலை மாசம் ஒரு வியாழக்கிழமை. முந்தின நாள் சாயங்காலம் காப்பி விவசாயிகளுக்கு உதவி செய்கிற ஒரு கூட்டம் கம்பாலாவிலிருந்து வந்திருந்தது. அவர்கள் தங்க வேண்டியது ஏரிக்கரையில் வேறு விடுதி. அங்கே தண்ணீர் பம்பு நின்றுபோனதால் கடைசி நிமிஷத்தில் நாற்பது பேரும் மேட்டு ஹோட்டலுக்கு வந்துவிட்டார்கள். டியோ நாலு மணிக்கே வீட்டுக்குப் போய்விட்டதால் அவருக்கு இது காலையில்தான் தெரியும். அதிகாலையில் வியானி அனுப்பிய செய்தியும் அவருக்குத் தெரியாது. அது அலமாரிக்குள் பூட்டிய செல்போனில் கிடந்தது.

ஏழே முக்காலுக்கு வரிசை வாசல் வரைக்கும் நின்றது. எட்டரைக்கு அவர்கள் பஸ் கிளம்பவேண்டும். தோட்டம் பார்த்துவிட்டு அப்படியே கம்பாலா. எல்லோருக்கும் அவசரம். ஓயூகி கையைக் கட்டிக்கொண்டு பழ மேஜைப் பக்கம் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். டியோ வாணலியிலிருந்து கண்ணை எடுக்காமல் வேலை செய்தார். வணக்கம், முட்டை, தட்டு. வணக்கம், முட்டை, தட்டு.

"அடுத்தவங்க. வணக்கம்."

"எனக்கு ரெண்டு முட்டை, வெங்காயம் போட்டு..."

அந்தக் குரல் பாதியில் நின்றது. டியோ நிமிர்ந்தார்.

தட்டைப் பிடித்திருந்தது இம்மாகுலேட். அவர் மருமகள்.

இதில் என்ன இருக்கிறது, மருமகளுக்கு ஒரு முட்டை போட்டுக் கொடுப்பது பெரிய காரியமா என்று தோன்றும். பகாண்டா வீடுகளில் மாமனாரும் மருமகளும் அப்படி நிற்பதில்லை. பேசலாம், தூரத்திலிருந்து. ஒரே மேஜையில் சாப்பிடக் கூடாது. கைக்குக் கை எதுவும் கொடுத்து வாங்கக் கூடாது. கண்ணுக்குக் கண் பார்க்கக் கூடாது, விரல் படவே கூடாது. அது பகை இல்லை, மரியாதை. முறை தவறினால் ஒபுகோ பிடிக்கும் என்பார்கள்: வயசான காலத்தில் கை நடுங்கிக்கொண்டே இருக்கும், எதையும் பிடிக்க முடியாது. டியோவின் பெரியப்பா ஒருவருக்கு அப்படி நடுக்கம் இருந்தது. டம்ளரை வாய்க்குக் கொண்டுபோவதற்குள் பாதி டீ சட்டையில் இருக்கும். என்ன முறை தவறினார் என்று யாரும் கேட்டதில்லை. எல்லோருக்கும் ஒரு ஊகம் மட்டும் இருந்தது.

காப்பிக் கூட்டத்தோடு வந்திருந்த இம்மாகுலேட்டை டியோ இதற்கு முன் ரெண்டு தரம்தான் பார்த்திருக்கிறார். பெண் வீட்டில் சம்பந்தம் பேசிய அன்றைக்கு, அப்புறம் கல்யாணத்தில். ரெண்டு தரமும் நடுவில் ஒரு முற்றம் இருந்தது. இப்போது நடுவில் இருப்பது ஒரு வாணலி.

கைக்குக் கை தட்டு. முகத்தைப் பார்த்துச் சிரிப்பு. பத்தடி தூரத்தில் ஓயூகி.

டியோ சட்டென்று மேஜைக்குக் கீழே உட்கார்ந்துவிட்டார்.

அதே நொடியில் இம்மாகுலேட் தலைத்துணியை முகத்தில் இழுத்துவிட்டுக்கொண்டு, நாலு எட்டு பின்னால் ஓடி, தர்பூசணி அடுக்கிய பழ மேஜைக்குப் பின்னால் முழங்காலில் உட்கார்ந்தாள். வரிசையில் நின்றவர்களுக்குச் சமையல்காரரையும் காணோம், தட்டோடு நின்ற பெண்ணையும் காணோம். வாணலியில் முட்டை கரிந்து புகை கிளம்பியது.

"கேஸா? கேஸ் லீக்கா?" ஓயூகி ஓடி வந்து அடுப்பை அணைத்தார். குனிந்து மேஜைத் துணியைத் தூக்கினார். "லுபோவா! கீழ என்ன பண்றீங்க?"

"கரண்டி விழுந்துச்சு சார்."

"கரண்டி உங்க கையில இருக்கு."

டியோ கரண்டியைப் பார்த்தார். "கெடச்சிருச்சு சார்."

"அப்ப எழுந்திரிங்க."

"முடியாது சார்."

"இடுப்பு புடிச்சுக்கிச்சா?"

அதற்குள் பழ மேஜைக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது. மெல்லிய குரல், ஆனால் கூடம் முழுக்கக் கேட்டது. "அப்பா, ராத்திரி எப்படிக் கழிஞ்சுது?"

மேஜைக்குக் கீழே டியோவின் முகம் மாறியது. இப்படி ஒரு விசாரிப்புக்குப் பதில் சொல்லாமல் இருக்க முடியுமா? "நல்லபடியாம்மா. உனக்கு எப்படிக் கழிஞ்சுது மகளே?"

"நல்லபடியாப்பா. வீட்ல அம்மா எப்படி இருக்காங்க?"

"இருக்கா. வியானி எப்படி இருக்கான்?"

"இருக்காருப்பா. ஆடு குட்டி போட்டுச்சா?"

"ரெண்டு போட்டுச்சு. ரெண்டும் கெடா."

"ம்ம்."

"ம்ம்."

ஓயூகி ஒரு மேஜையைப் பார்த்தார், இன்னொரு மேஜையைப் பார்த்தார். தட்டுகளோடு நின்ற நாற்பது பேரும் அவர் தலை போகிற பக்கமெல்லாம் பார்த்தார்கள்.

"யாராவது சொல்லுங்க" என்றார் ஓயூகி. "இங்க என்ன நடக்குது?"

கொரெட்டி டீக்குடத்தை வைத்துவிட்டு வந்தாள். "சார், அது அவர் மருமக சார். மாமனாரும் மருமகளும் கிட்ட நிக்கக் கூடாது. தட்டைக் கையில குடுக்கவே கூடாது. நீங்கதான கையில குடுக்கணும்னு ஒட்டியிருக்கீங்க? அதான் மனுஷன் உள்ள போயிட்டார்." பிறகு மேஜைத் துணிக்குள் தலையை நீட்டினாள். "வியானி அப்பா, மருமக இங்கன்னா பாப்பா எங்க?"

 அப்படி ஒரு கேள்வி இருக்கிறது என்பது டியோவுக்கு அப்போதுதான் உறைத்தது.

"பாப்பா பதினாலாம் நம்பர் ரூம்லப்பா" என்றது பழ மேஜை. "என் சித்தி பொண்ணு வச்சிருக்கா. வியானி செய்தி அனுப்பினாரே. நீங்க பின்கட்டுச் சமையல்ல இருப்பீங்க, சாப்பிட்டுட்டு யாராவது கையில குடுத்து அனுப்பலாம்னு நெனச்சேன். நீங்க இங்க நிப்பீங்கன்னு எனக்குத் தெரியாது. மன்னிச்சிருங்கப்பா."

பதினாலாம் நம்பர் ரூம். இந்தக் கூடத்தைத் தாண்டி, தாழ்வாரத்தில் நாலாவது கதவு. டியோவின் பேத்தி அங்கே இருந்தாள். சுவரில் இருந்த கடிகாரம் எட்டுக்கு அஞ்சு நிமிஷம் காட்டியது.

டியோ மேஜைக்குக் கீழேயிருந்து, பழ மேஜைக்கு முதுகைத் திருப்பியபடி எழுந்தார். தொப்பி ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது.

"சார், எனக்கு அஞ்சு நிமிஷம் வேணும்."

பத்தொன்பது வருஷத்தில் அவர் வேலை நேரத்தில் அப்படிக் கேட்டதில்லை. ஓயூகிக்கு அது தெரியாது. கொரெட்டிக்குத் தெரியும். அவள் துடைத்துக்கொண்டிருந்த கோப்பையை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றாள்.

ஓயூகி வரிசையைப் பார்த்தார். அவருக்கும் கஷ்டமாகத்தான் இருந்தது, முகத்தில் தெரிந்தது. "லுபோவா, நாற்பது பேர் நிக்கிறாங்க. இவங்க பஸ் எட்டரைக்கு. விருந்தாளி நிக்கும்போது அடுப்பை விட்டு நகரக் கூடாதுன்னு நானே எழுதி ஒட்டிட்டு, நானே எப்படி அனுப்புறது? எல்லாரையும் முடிச்சிட்டு போங்க."

எல்லோரையும் முடிப்பதற்குள் பஸ் போய்விடும். அதற்குப் பிறகு டிசம்பர்.

டியோ கரிந்த முட்டையைத் தட்டி எறிந்துவிட்டு, வாணலியைத் துடைத்து, அடுப்பைப் பற்ற வைத்தார். முட்டைக் கூடைப் பக்கம் கையை நீட்டினார். அந்தக் கை முட்டையைத் தேடிப் பக்கத்தில் இருந்த வெங்காயக் கிண்ணத்துக்குள் போனது.

வரிசையில் மூணாவதாக நின்றது முகோனோவிலிருந்து வந்த ஒரு பெரியம்மா. காப்பிக் கூட்டத்துக்குத் தலைவி மாதிரி. உடம்பும் குரலும் தாராளம். நேற்றுச் சாயங்காலம் வந்ததுமே நாலு வெந்த முட்டை கேட்டு வாங்கிக் கைப்பையில் போட்டுக்கொண்டவர்.

"தம்பி மேனேஜர், ஒண்ணு கேக்கட்டுமா? விருந்தாளி நிக்கும்போதுதான அவர் போகக் கூடாது?"

"ஆமாம்மா."

"நிக்கலைன்னா?"

ஓயூகி தாள் ஒட்டியிருந்த சமையலறைப் பக்கம் திரும்பிப் பார்த்தார்.

அந்த அம்மா தட்டைத் தூக்கிக்கொண்டு வரிசையை விட்டு விலகி, கட்டோகோச் சட்டிப் பக்கம் போனார். "எனக்கு இன்னிக்கு முட்டை வேணாம். வாழக்காயும் கொடலும் போதும், வயித்துக்கு அதுதான் நல்லது. ஏய், நீங்கள்லாம் எதுக்கு நிக்கிறீங்க? வீட்ல முட்டையே பாக்காத மாதிரி! போங்க, போய் உக்காருங்க."

ஒருவர் விலகினார். இன்னொருவர் சிரித்துக்கொண்டே விலகினார். அப்புறம் வரிசை உப்பைத் தண்ணீரில் போட்ட மாதிரி கரைந்தது. வாசல் வரைக்கும் நின்ற ஜனம் எல்லாம் கிழங்குச் சட்டிக்கும் ரொட்டித் தட்டுக்கும் போய்விட்டது. ஒரே ஒரு இளைஞன் மட்டும் காதில் எதையோ சொருகிக்கொண்டு, செல்போனைப் பார்த்தபடி, தட்டை நீட்டிக்கொண்டு நின்றான்.

"எனக்கு வெங்காயம் வேணாம்" என்றான், நிமிராமல்.

பெரியம்மா திரும்பி வந்து அவன் சட்டைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார். "உனக்கு முட்டையே வேணாம்ப்பா. வா."

கொரெட்டி வாயைப் பொத்திக்கொண்டாள். "சார், யாரும் நிக்கலை சார்."

ஓயூகி ஆளில்லாத தரையைப் பார்த்தார். "ம்ம்" என்றார். அவர் வாயிலிருந்து அந்த ம்ம் வந்தது அதுதான் முதல் தடவை. "போயிட்டு வாங்க லுபோவா."

ஆனால் டியோ போகவில்லை.

"சார், ஒரு விருந்தாளி இன்னும் இருக்காங்க. நிக்கலை, முழங்கால்ல இருக்காங்க. பால் குடுக்குற பொண்ணு. பசியோட பஸ் ஏறக் கூடாது."

மூணு முட்டை உடைத்தார். வெங்காயம், தக்காளி, கொஞ்சம் பால். மிளகாய் போடவில்லை, பாலில் இறங்கும். விளிம்பு பொன்னிறமாக வரும்வரை பொறுத்திருந்து, மடித்து, தட்டில் சரித்தார். தட்டை மேஜையின் அந்தக் கோடியில் வைத்தார். மூணு எட்டு பின்னால் வந்து, ஜன்னலைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டார். பின்னால் பாவாடை உரசும் சத்தம், தட்டு எடுக்கும் சத்தம்.

"சமைச்ச கைக்கு நன்றிப்பா."

"சாப்பிட்டுக்கோ மகளே. மெதுவா சாப்பிடு."

அப்புறம்தான் துண்டில் கையைத் துடைத்துக்கொண்டு நடந்தார். ஓடவில்லை. வெள்ளைத் தொப்பியோடு ஹோட்டல் தாழ்வாரத்தில் ஓடக் கூடாது. ஆனால் அந்த நடை நடை இல்லை.

பதினாலாம் நம்பர் வாசலில் கொரெட்டி முந்திக்கொண்டு போய்க் குழந்தையை வாங்கி வந்துவிட்டாள். மஞ்சள் கம்பளி. உள்ளே மூக்கு. ரெண்டு காதும் இருந்தது. பெலிஸ்தா சொன்னது பொய்யில்லை.

"புடிங்க. தலையத் தாங்கிப் புடிங்க. ஆம்லெட் மாதிரி சுண்டிராதீங்க."

டியோ கையை நீட்டினார். குழந்தை அதில் வந்து உட்கார்ந்தது. வெந்து முடித்த ரொட்டி மாதிரி சூடாக, கனமே இல்லாமல். பத்தொன்பது வருஷம், எத்தனை லட்சம் முட்டையோ, ஒருநாளும் ஆடாத அந்தக் கை ஆடியது. முழங்கையிலிருந்து விரல் நுனி வரைக்கும் ஆடியது.

 "கொரெட்டி, கையப் பாரு. நடுங்குது. மருமக கண்ணைப் பாத்துட்டேன்டி, ஒரு நொடி பாத்துட்டேன். அதுக்குள்ள ஒபுகோ புடிச்சிருச்சு."

கொரெட்டி கையைப் பார்க்கவில்லை. அவர் முகத்தைப் பார்த்தாள். "வியானி அப்பா, மொதல்ல கண்ணைத் தொடைங்க. கை தானா நிக்கும்."

குழந்தை விழித்துக்கொண்டது. அழவில்லை. யாரோ ஒருவர் தன்னைப் பார்த்துக்கொண்டிருக்கிறார் என்று தெரிந்த மாதிரி அண்ணாந்து பார்த்தது. எதிரில் வந்த விருந்தாளியிடம் பத்தொன்பது வருஷமாகக் கேட்டதைத் தவிர டியோவுக்கு வேறு எதுவும் வாயில் வரவில்லை.

"ராத்திரி எப்படிக் கழிஞ்சுது?"

குழந்தை தொண்டைக்குள் ஒரு சத்தம் போட்டது.

"கேட்டியா? ம்ம்னுச்சு! கொரெட்டி, சத்தியமா ம்ம்னுச்சு!"

"ஆமாமா. ஆடு குட்டி போட்டுச்சான்னும் கேட்டுச்சு."

அவர் குனிந்து குழந்தையின் காதில், அந்தப் பெரிய காதில், ஒன்றும் சொல்லாமல் உதட்டை மட்டும் அசைத்தார். பெயர் மனசுக்குள்ளேயே இருந்தது. அது டிசம்பருக்கு. கை நின்றுவிட்டிருந்தது. எப்போது நின்றது என்று அவர் கவனிக்கவில்லை.

அஞ்சு நிமிஷம் என்றார், பன்னிரண்டு நிமிஷம் ஆயிற்று. யாரும் வந்து கூப்பிடவில்லை. எட்டரைக்குப் பஸ் கிளம்பியது. டியோ ஜன்னல் வழியாகப் பார்த்தார். பஸ்ஸுக்குள்ளிருந்து முகோனோ அம்மா, கைப்பையைத் தூக்கிக் காட்டினார். பை கனமாகத்தான் இருந்தது.

பத்து மணிக்கு விருந்தாளிகள் எல்லோரும் போன பிறகு, மிச்சமிருப்பதை வேலைக்காரர்கள் உட்கார்ந்து சாப்பிடுவது வழக்கம். அன்றைக்குக் கட்டோகோவும் நிறைய மிச்சம். கொரெட்டி எல்லோருக்கும் போட்டாள். டியோ தட்டைத் தள்ளிவிட்டுக் காய்ந்த ரொட்டியைக் கடித்துக்கொண்டிருந்தார்.

"உங்களுக்கு வேணாமா?" என்று ஓயூகி கேட்டார்.

"அந்தச் சட்டியில மருமக எடுத்துச் சாப்பிட்டிருப்பா சார். அவ மிச்சத்த நான் தொடக் கூடாது. அந்தப் பழத்தையும் கூடாது. டீயும் கூடாது."

ஓயூகி சிரித்துவிட்டார். "கிசுமுல எங்க வீட்டுக்கு என் மாமியார் வந்தா, நான் பின்கதவு வழியா ஓடிருவேன்" என்றார். "அவங்க உக்காந்த நாக்காலியில ஒரு மாசம் உக்கார மாட்டேன். என் பொண்டாட்டி சிரிப்பா." பிறகு கோட்டைக் கழற்றி நாற்காலி முதுகில் போட்டார். முட்டை மேஜைக்குப் பின்னால் போய் நின்றார். அடுப்பைப் பற்ற வைக்க மூணு தரம் முயற்சி பண்ணினார்.

"வாங்க லுபோவா. தட்டை எடுத்துட்டு வந்து நில்லுங்க. எத்தனை முட்டை?"

டியோ எழுந்து வந்து நின்றார். பத்தொன்பது வருஷத்தில் மேஜைக்கு இந்தப் பக்கம் அவர் நின்றதே இல்லை. ஓயூகி முட்டையை வாணலி விளிம்பில் தட்டப்போனார்.

டியோ தட்டை நீட்டவில்லை. சிரித்த முகமாக அவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஓயூகிக்குப் புரியக் கொஞ்ச நேரம் பிடித்தது. மேலே எழும்பின கை அப்படியே நின்றது.

"ராத்திரி எப்படிக் கழிஞ்சுது?" என்றார் கடைசியில்.

"நல்லபடியா சார். உங்களுக்கு?"

"நல்லபடியா. வீட்ல எல்லாரும்?"

"இருக்காங்க சார். பேத்தி வந்துட்டுப் போனா."

"ம்ம்."

"ம்ம்."

முட்டை உடைந்தது. மஞ்சள் கருவும் சேர்ந்து உடைந்தது. டியோ ரெண்டு கையாலும் தட்டை நீட்டி முட்டையை வாங்கிக்கொண்டார்.